மாப்பிள்ளை பக்கத்துக் கரண்ட்

மார்ச் 4, செவ்வாய்

சந்தைத் தெரு முடிந்தது. என் ஆட்களில் நெட்டை என்று கூப்பிடுகிற உயரமானவன் மேலே ஏறி வெட்ட, நான் கீழே கயிறு பிடிக்க, மற்றவர்கள் தழையை இழுத்து வண்டியில் போட, பொழுது சாய்வதற்குள் தெருவையே வழித்துத் துடைத்தாயிற்று. கம்பிக்குப் பக்கத்தில் ஓர் இலை மிச்சமில்லை. தெருமுனையில் நின்று பார்த்தால் எல்லா மரமும் ஒரே உயரம், சலூனில் கிராப்பு வெட்டிய மாதிரி. இந்த ஊர் மின் அலுவலகத்தில் என்னைவிட வேகமாகக் கிளை வெட்டும் ஃபோர்மேன் இருந்தால் கூட்டிக்கொண்டு வரட்டும், பார்க்கிறேன்.

ஒரு வீட்டம்மா வாசலுக்கு வந்து, "என்னங்க, மரத்துக்கு மொட்டையே போட்டுட்டீங்க?" என்றாள். "உங்களுக்கு நிழல் வேணுமா, கரண்ட் வேணுமா, ஒண்ணு சொல்லுங்க" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டிலேயே கரண்ட் இல்லை. பின் தெருவில் ஒரு கொம்பு ஒடிந்து கம்பியில் விழுந்ததாம். போன வருஷம் நான் கழித்த மரம்தான். அம்மாவின் மூச்சு மெஷின் நின்றுபோய், வீட்டுக்காரி ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து குழாயை மாட்டியிருந்தாள். அம்மாவுக்கு நுரையீரல் பழுது. படுத்தால் அந்த மெஷின் ஓட வேண்டும், அது ஓடக் கரண்ட் வேண்டும். சிலிண்டர் ஆபத்துக்குத்தான்.

"மரம் வெட்டறவர் வீட்லயே இருட்டுன்னு தெருவே சிரிக்குது" என்றாள் இவள். சிரிக்கட்டும். அம்மா முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 9, ஞாயிறு

தங்கையும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளை என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். அவனும் நான் செய்யும் அதே வேலைதான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் பிரிவு, பாலத்தைத் தாண்டினால் அவன் பிரிவு. ஏணியை எப்படிச் சாத்துவது என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான். இந்த வேலையில் சேர்த்துவிட்டவனும் நான்தான். இப்போது அவனும் ஃபோர்மேன், நானும் ஃபோர்மேன்.

சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே கரண்ட் போய் வந்தது. ஒரு நிமிஷம்கூட இல்லை. அதற்குத் தங்கை, "எங்க பக்கம் போறதே இல்ல அண்ணே" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். உடனே என் வீட்டுக்காரி, "அண்ணன் கை அப்படி" என்று அவனுக்கு இன்னொரு கரண்டி போட்டாள். அவளுக்கு அவன் அண்ணன். எனக்குத் தட்டு காலியாக இருந்தது, அது யார் கண்ணிலும் படவில்லை.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். எதற்கெடுத்தாலும் தலையைச் சொறிவான். இப்படி ஒரு அப்பாவி வேஷம்.

கை கழுவும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "கொஞ்ச நாள் அங்க போய் இருந்துட்டு வரேன்டா. உனக்கும் நிம்மதி."

"போயேன். யார் வேண்டாங்கறா?" என்றேன்.

யார் வேண்டாம் என்றது? நான்தான். சத்தமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

அம்மா தங்கை வீட்டுக்குப் போயாயிற்று. மாப்பிள்ளையே வண்டி கொண்டுவந்து மெஷினைத் துணி சுற்றி ஏற்றினான். "பாத்து, பாத்து" என்று அம்மா சொல்ல, "கொழந்த மாதிரி கொண்டுபோறேன் அத்தை" என்கிறான். அவனை "மாப்பிள்ளை, ஏறுங்க, உக்காருங்க" என்கிறாள். பெற்ற பிள்ளைக்கு "கதவத் தெறடா". சரி, பெற்ற பிள்ளைக்கு மரியாதை எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பதில் சமாதானமாக இல்லை.

ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? ஊருக்கெல்லாம் வெளிச்சம் தருகிற வேலையில் இருப்பவன், கரண்ட் நிற்கவில்லை என்று பெற்ற தாயைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்!

மார்ச் 16, ஞாயிறு

இன்று நாள் முழுக்க எங்கள் தெருவில் கரண்ட் போகவில்லை. இனி போனால் என்ன, போகாவிட்டால் என்ன.

மார்ச் 21, வெள்ளி

அம்மாவிடம் போனில் பேசினேன். மெஷின் எப்படி, மூச்சு எப்படி என்று கேட்டுவிட்டு, கேட்கக் கூடாது என்று நினைத்ததையும் கேட்டேன். "கரண்டெல்லாம்?"

"இங்கியா? போகவே இல்லடா."

வயிறு எரிகிறது. பொய் எழுதி என்ன ஆகப் போகிறது, என் நோட்டு, என் வயிறு. அம்மா நன்றாக மூச்சு விடுகிறாள் என்றால் சந்தோஷப்பட வேண்டியவன் நான். சந்தோஷம்தான். ஆனால் அது அவன் கம்பியில் வந்த கரண்டில் விடுகிற மூச்சு.

ஏப்ரல் 2, புதன்

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் தெருத் தெருவாகச் சுற்றினேன். கேட்டால் டீ குடிக்கப் போனேன் என்று சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

எழுதும்போதே கை துறுதுறு என்கிறது. அவன் வெட்டுவதே இல்லை! ஆமாம். மரமெல்லாம் தழைத்துக்கொண்டு நிற்கிறது. மேலே பச்சை, பக்கத்தில் பச்சை, நிழலில் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் பக்கத்துத் தெருக்களில் உட்கார நிழல் ஏது? கம்பிப் பக்கமாக அங்கங்கே ஒரு சந்து தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு மரத்தில்கூட நேர்வெட்டு இல்லை. இவன் ஆட்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறான்? கரண்ட் போகாமல் இருப்பது அதிர்ஷ்டம். வேறென்ன? காற்று வாய்க்காலைத் தாண்டிப் போகாதோ என்னவோ.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். பச்சைதான், கம்பி வரைக்கும் பச்சை. மாட்டினான்.

ஏப்ரல் 4, வெள்ளி

எங்கள் அலுவலக இன்ஜினியர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நேரடியாகக் கோள் மூட்டுவது போல இல்லாமல், பொறுப்பான மனிதன் சொல்வது போல. "மேடம், பாலத்துக்கு அந்தப் பக்கம் மரமெல்லாம் ரொம்ப அடர்த்தியா இருக்கு. காத்துக் காலம் வருது. சொந்தக்காரர்னு நான் மறைக்கக் கூடாது பாருங்க."

"நல்லது, நானே போய்ப் பாக்கறேன்" என்றார்.

வெளியே வரும்போது நெட்டை என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவன் நெட்டை, அறைக்கு மேலே உள்ள சன்னல் வழியாகக்கூட அவன் காது உள்ளே வரும்.

ஏப்ரல் 11, வெள்ளி

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

இன்ஜினியர் அம்மா எல்லார் முன்னிலையிலும் கூப்பிட்டார். "நீங்க சொன்னது நிஜம்தான். அங்க வெட்டின மாதிரியே தெரியல. அதான் நின்னு நிதானமாப் பாத்தேன். கம்பியச் சுத்தி எவ்வளவு இடம் இருக்கு! போன வருஷம் வெட்டின மரமாம், ஒரு துளிர்கூட இன்னும் கம்பிப் பக்கம் திரும்பல. நம்ம சந்தைத் தெருவுல போன மாசம் வெட்டினது, அதுக்குள்ள குச்சி குச்சியா மேல கெளம்பிடுச்சு."

பக்கத்தில் நின்ற நெட்டை தலையாட்டினான்.

"புதன்கிழமை அவரை உங்க பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கேன். உங்க ஆளுங்களுக்குக் காட்டிக் குடுக்கட்டும். நல்ல வேளை, நீங்க எடுத்துச் சொன்னீங்க. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

நன்றி! அந்த நன்றியைக் கொண்டுபோய் வாய்க்காலில் போட.

ஏப்ரல் 16, புதன்

வந்தான். என் ஆட்கள், என் ஏணி, என் தெரு. அவன் நடுவில் நின்று பேசுகிறான். நான் ஓரத்தில் கயிறு பிடித்துக்கொண்டு.

அவன் சொன்னதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் காலையிலிருந்து காதில் அதுவே ஓடுகிறது. "தலையக் கொய்தா மரம் சும்மா இருக்காதுங்க. ஒண்ணு இருந்த இடத்துல பத்துக் குச்சி விடும். எல்லாம் நேரா மேல கம்பிக்குத்தான் வரும். அதுவும் தோல்ல ஒட்டினாப்பல நிக்கும், உள்ள புடிப்பு இருக்காது. காத்து அடிச்சா முதல்ல பிச்சுக்கறது அதுதான். அதனால பாதியில வெட்டாதீங்க. கம்பிப் பக்கம் போற கிளைய, அது பிரியற கவட்டை வரைக்கும் தேடிப் போய் மொத்தமா எடுங்க. எதிர்ப்பக்கம் போற கிளைய விட்டு வைங்க. மரம் தன் பலத்தை அதுக்குக் குடுத்துடும், கம்பிய மறந்துடும்."

நெட்டை வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். என்னிடம் இத்தனை வருஷமாக ஒரு நாளும் வாயை அப்படிப் பிளந்ததில்லை.

அவன் சொல்வது தப்பாக இருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. பின் தெருவில் ஒடிந்து விழுந்த கொம்பு என் கண் முன்னால் வந்தது. உருவி எடுத்த மாதிரி அடியோடு பிய்ந்திருந்தது. அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மச்சான், பாலத்தடியில அந்தத் தூங்குமூஞ்சி மரம். அடிமரம் உங்க பக்கம், கொம்பெல்லாம் எங்க லைன் மேல. நீங்க ஒரு எட்டு பாத்தீங்கன்னா நல்லது."

அடிமரம் யார் எல்லையில் நிற்கிறதோ அவர்கள்தான் வெட்ட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது எழுதாத சட்டம். அடுத்தவன் எல்லை மரத்தில் கத்தி வைப்பது அடுத்தவன் வீட்டு அடுப்பைப் பற்ற வைப்பது போல.

"பாக்கலாம் மாப்ள" என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பாலத்தடி எல்லை மரத்தை இன்றும் பார்த்துக்கொண்டே போனேன். வண்டியை நிறுத்தவில்லை.

மே 4, ஞாயிறு

அம்மாவைப் பார்க்கப் போனேன். உள்ளே நுழையும்போதே சிரிப்புச் சத்தம். அம்மாவும் அவனும் சீட்டாடுகிறார்கள். மூக்கில் குழாயோடு அம்மா ஒரு சீட்டைத் தொடைக்கு அடியில் ஒளித்துவைத்துக் கள்ளாட்டம் ஆடுகிறாள், அவன் தெரிந்தும் தெரியாதது போலத் தோற்கிறான். என் அம்மாவுக்குச் சீட்டாடத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

நான் போனதும் அம்மா சீட்டை மடித்து வைத்துவிட்டாள். "வாடா. வேலையெல்லாம் எப்படி?" பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தது போல இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

கிளம்பும்போது வாசலில் அவன் மறுபடியும் தலையைச் சொறிந்தான். "அந்தப் பாலத்தடி மரம், மச்சான்... உங்களுக்கு ஆள் இல்லன்னா எங்க பசங்கள விட்டு ஒரு அரை நாள்ல..."

"எங்க மரத்துல வேற யாரும் கை வைக்க வேண்டாம்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. உள்ளே பேச்சு நின்றது.

மே 9, வெள்ளி

ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் அது எப்படி இருக்கிறது என்று தெரியும்.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் விளக்கெல்லாம் அணைய வேண்டும். "இங்கியும் போயிடுச்சுடா" என்று அம்மா போன் பண்ண வேண்டும். நான் "அப்படியா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அந்த மரத்துக்கு அடியில் போகிற லைன்தான் தங்கை வீட்டுக்குப் போகிறது. தெரியும். மெஷின் நிற்கும். சிலிண்டர் இருக்கிறதே. மாற்றிவிடுவார்கள். ஒரு தடவைதானே!

எழுதினால் எப்படி இருக்கிறது? அசிங்கமாக இருக்கிறது. கிழித்துப் போடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.

மே 19, திங்கள்

நாளைக்குப் பலத்த காற்று என்று காலையிலேயே எச்சரிக்கை. எல்லாப் பிரிவும் தயாராக இருக்கச் சொன்னார்கள். நெட்டைக்கு விடுப்பு. மற்றவர்களைச் சந்தைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு நான் தனியாக வண்டியை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வண்டி பாலத்தடிக்குப் போய் நின்றது.

இத்தனை நாள் கீழே இருந்தே பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். இன்று ஏணி சாத்தி ஏறினேன். லைனுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பெரிய கிளை, கவட்டையிலேயே வெடித்திருந்தது. விரல் நுழையும் வெடிப்பு. உள்ளே கறுத்து ஈரம். அந்தக் கிளை கம்பியைத் தட்டிவிட்டுப் போகிற கிளை இல்லை. விழுந்தால் கம்பியோடு கம்பத்தையும் சாய்த்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கும். ஒரு மணி நேரக் காரியமில்லை, ரெண்டு நாள் ஆகும். சிலிண்டர் ரெண்டு நாள் தாங்குமா?

ஏணியிலிருந்தே அவனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, உங்க லைன உடனே நிறுத்தச் சொல்லு. நான் எல்லை மரத்துல இருக்கேன். கவட்டை வெடிச்சிருக்கு."

ஏன் இத்தனை நாள், எதற்கு இப்போது, ஒன்றும் கேட்கவில்லை. "அஞ்சு நிமிஷம் மச்சான்" என்றான். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். "அத்தையச் சிலிண்டருக்கு மாத்தியாச்சு. இப்ப லைன் செத்துடுச்சு. நான் வந்து எர்த் மாட்டிட்டுச் சொல்றேன், அதுக்கப்பறம் கத்திய வைங்க."

அதற்குள் தங்கை போன். "அண்ணே, சிலிண்டர மாத்தச் சொன்னாரு, மாத்தினதும் இங்க கரண்ட் போயிடுச்சே!" நான் கேட்க ஆசைப்பட்ட அதே வார்த்தை.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றேன்.

அவன் வந்து, தப்பித் தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணில் இறங்கிவிடும்படி கம்பியில் எர்த் மாட்டினான். பிறகு கீழே நின்று கயிறு பிடித்தான். நான் மேலே. இந்த வயதில் மரம் ஏறி எத்தனை நாளாயிற்று, முழங்கால் ரெண்டும் கதறியது. நேராக வெட்டித் தள்ளினால் சீக்கிரம் முடிந்திருக்கும். வெட்டவில்லை. கம்பிப் பக்கத்துக் கிளையைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கி, கவட்டை வரைக்கும் போய் மொத்தமாக எடுத்தேன். எதிர்ப்பக்கம் போகிற கிளையை விட்டுவைத்தேன். எல்லாம் அவன் அன்றைக்குச் சொன்னபடி. அவன் கீழே இருந்து பார்த்தான். "சபாஷ்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஏணியை அவன் மேலே தள்ளியிருப்பேன். சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து இறங்கினதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஏன் இவ்வளவு நாள் இழுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். கேட்காமலேயே போய்விட்டான். அதுவும் ஒரு திமிர்தான்.

மே 21, புதன்

நேற்று எழுத முடியவில்லை. காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. சந்தைத் தெருவில் நான் அழகாகக் கிராப்பு வெட்டிய மரமெல்லாம் புதுக் குச்சிகளைக் கொத்துக் கொத்தாகக் கம்பி மேல் உதறியது. எடுக்க எடுக்க விழுந்தது. இன்று மாலைதான் எங்கள் பக்கம் முழுசாகக் கரண்ட் வந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்குகூட அணையவில்லை. அலுவலகத்தில் மாப்பிள்ளை பிரிவுக்குக் கைதட்டல். எல்லை மரத்தை யார் வெட்டியது என்று யாரும் கேட்கவில்லை. அவன் சொல்ல வாயெடுத்தான். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். எந்த முகத்தோடு அந்தப் பாராட்டை வாங்குவது? சொன்னால், இத்தனை நாள் ஏன் வெட்டவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் அம்மா போன். "இவ்வளவு காத்துக்கும் இங்க கரண்ட் போகவே இல்லடா. முந்தாநேத்து நீ நிறுத்தினதோட சரி."

அந்த வீட்டில் கரண்ட் நின்றது ஒரே ஒரு தடவை. நிறுத்தினவன் நான்! இதை நான் யாரிடம் சொல்லி அழ?

ஜூன் 12, வியாழன்

சந்தைத் தெருவை மறுபடி எடுத்தோம். கவட்டை வரைக்கும் போய் வெட்டச் சொன்னேன். "மாப்பிள்ளை சொன்ன மாதிரியா?" என்றான் நெட்டை. "மரம் சொன்ன மாதிரி. வாய மூடிட்டு ஏறு" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினான். அவன் சிரிப்பு இறங்கும்வரை போகவில்லை.

நேரம் அதிகம் பிடிக்கிறது. ஒரு தெருவில் பாதிதான் முடிந்தது. அந்த வீட்டம்மா மறுபடி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். வெட்டினதாகவே நினைக்கவில்லை போலும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எங்கள் பக்கமும் இப்போது ஒழுங்காக நிற்கிறது. காற்று வருகிறது, போகிறது, கரண்ட் இருக்கிறது. அலுவலகப் பலகையில் போன மாதம் கரண்ட் போன கணக்கு இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். அந்தத் தைரியத்தில் அம்மாவைக் கூப்பிடப் போனேன். வீட்டில் அம்மா மட்டும் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இப்ப நம்ம பக்கமும் கரண்ட் போறதில்ல. கெளம்பு."

"கரண்டுக்காகவாடா நான் வந்தேன்?"

"பின்ன எதுக்கு?"

"இங்க மட்டும் போகாதா? முந்தாநாள்கூடப் போச்சு. தெருக்கோடிக் கம்பத்துல ஃபியூஸ் போனா உங்க ஆபீஸ் பலகையில ஏறுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "போகவே இல்லன்னு நீதானே போன்ல சொன்ன!"

"சொன்னேன். போச்சுன்னு சொன்னா நீ அங்கேருந்து ஓடி வருவ. எனக்கு என்னாச்சோன்னு இல்ல. ஜெயிச்ச மூஞ்சியோட வந்து நிப்ப. மாப்பிள்ளை வீட்டுல உக்காந்துகிட்டு அந்த மூஞ்சிய நான் பாக்கணுமா?"



அம்மா துணியைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "அங்க இருந்தப்ப கரண்ட் போகும்ல. போனதும் நீ முதல்ல என்ன பண்ணுவ தெரியுமா? என் மூஞ்சியப் பாப்ப. எனக்கு மூச்சு வருதான்னு பாத்தா பரவால்ல. உன்னக் குறை சொல்றேனான்னு பாப்ப. சிலிண்டர உன் பொண்டாட்டிதான் உருட்டிட்டு வருவா. நான் இருமக்கூட மாட்டேன்டா, நீ தப்பா எடுத்துக்குவன்னு. உன் வேலைக்கு நான் என்ன, மார்க்கு போடற ஆளா? இங்க போச்சுன்னா மாப்பிள்ளை தலையச் சொறிஞ்சுகிட்டுச் சிலிண்டரத் தெறப்பாரு. அவ்வளவுதான். நான் நல்லா இருமிக்கலாம்."

தங்கை உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அப்படியா பார்ப்பேன் நான்? என்ன பேச்சு இது. பெற்ற தாய் பேசுகிற பேச்சா.

வேலைக்குப் போய் வந்து மறுபடி எழுதுகிறேன்.

பார்ப்பேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மாவிடம் போனேன். வேலையைப் பற்றிப் பேசவில்லை, கரண்டைப் பற்றியும் பேசவில்லை. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா இருமினாள், நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். போன வாரம் விட்டுவிட்டு வந்த டீக்கும் சேர்த்து ரெண்டு டம்ளர் குடித்தேன்.

செப்டம்பர் 6, சனி

தங்கையும் மாப்பிள்ளையும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கிறார்கள். அதனால் அம்மா வியாழனிலிருந்து இங்கே. "அவங்க வர்ற வரைக்கும்தான்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். நானும் சரி என்றேன். மெஷினை நான்தான் இறக்கினேன். துணி சுற்றியிருந்தார் மாப்பிள்ளை; பிரித்து மடித்து வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பலமான காற்று. வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்தாள். அம்மா படுத்திருந்தாள், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று எல்லாம் நின்றது. தெருவே இருட்டு. என் சட்டைப்பையில் போன் அலற ஆரம்பித்தது, அலுவலகம்தான்.

எடுக்கவில்லை. சிலிண்டரை இழுத்து வந்தேன். திருகினேன், மீட்டர் முள் ஏறியதா என்று பார்த்தேன். மெஷின் குழாயை எடுத்துவிட்டு இந்தக் குழாயை அம்மா மூக்கில் வைத்தேன். காதுக்குப் பின்னால் அதை எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவே கையைப் பிடித்துக் காட்டினாள்.

"வருதா?"

"வருது. இன்னும் கொஞ்சம் தெற... போதும்."

அம்மா நன்றாக ஒரு பாட்டம் இருமினாள். முதுகைத் தடவிவிட்டேன்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. மாப்பிள்ளை. கல்யாண வீட்டில் மேளச் சத்தம், அதற்கு மேலே கத்திப் பேசினார், எனக்கே கேட்டது. நாளைக்குத் திரும்புகிறார்களாம், நேரே இங்கே வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்.

"அவசரம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை" என்றாள் அம்மா, கும்மிருட்டில் குழாயைச் சரிசெய்துகொண்டே. "நீங்க நாலு இடம் பாத்துட்டு நிதானமா வாங்க. நான் இங்கியே இருக்கேன். ஆமா... இல்ல, இல்ல. இங்க கரண்ட் போகவே இல்ல."

நான் பூட்ஸைத் தேடி மாட்டிக்கொண்டு, வீட்டுக்காரி வரும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வேலைக்குக் கிளம்பினேன்.